பூச்சி அரிக்கிற வஸ்திரம்

வேத பாடம்: மத்தேயு 6:19, 20, ஏசாயா 51:8, லூக்கா 3:11



பூமியிலே சேர்த்து வைப்பதைக் கெடுக்கிறவைகளை இயேசு சொன்னபோது, முதலாவது பூச்சியைத்தான் சொன்னார். துருவும் திருடனும் பிறகுதான். அந்நாட்களில் வஸ்திரமும் ஒரு ஆஸ்தி. நாகமான் வெள்ளி, பொன்னோடு பத்து மாற்று வஸ்திரங்களையும் கொண்டுபோனான் அல்லவா? (2 இராஜாக்கள் 5:5)

1. தின்கிறது எது?

பறக்கிற அந்துப்பூச்சி துணியைத் தின்பதில்லை. தின்னத்தக்க வாய் அதற்குக் கிடையாது. தாய்ப்பூச்சி துணி மடிப்பில் 40, 50 முட்டைகள் இட்டுவிட்டுச் செத்துப்போகும். அதிலிருந்து வருகிற புழுதான் அரிக்கிறது. வளர்ந்தாலும் அது ஒரு சென்டிமீட்டர்தான். ஏசாயா 51:8-ஐ வாசித்துப் பாருங்கள். பூச்சியும் புழுவும் தனித்தனியே வருகின்றன. ஆகவே பறக்கிறதை அடித்துவிட்டு, "தொல்லை முடிஞ்சது" என்று இருந்துவிடாதீர்கள்.

2. எதைத் தின்கிறது?

கம்பளி, பட்டு, முடி, இறகு. சுத்தமான பருத்தித் துணியை அது தேடுவதில்லை. ஆனால் வியர்வை, தலை எண்ணெய், குழம்புக்கறை பட்ட இடம் என்றால் அதற்கு மிகவும் பிரியம். "ஒரு தடவைதானே போட்டது" என்று துவைக்காமல் மடித்து வைக்கிற ஸ்வெட்டரில், கழுத்திலும் கைமடிப்பிலும்தான் முதலில் ஓட்டை விழும்.

3. எங்கே தின்கிறது?

இருட்டிலே, யாரும் அசைக்காத இடத்திலே. வெளிச்சம் பட்டால் மடிப்புக்குள் ஓடி ஒளியும். நல்ல சூட்டில் இரண்டு மாதத்தில் வளர்ந்துவிடும். குளிரிலோ இரண்டு வருஷம்கூடப் புழுவாகவே இருந்து தின்னும்.

நீலகிரியில் ஒரு வீட்டுக்கு ஜெபிக்கப் போயிருந்தேன். மகன் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த ஆறு கம்பளிகளை அந்த அம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தார்கள். மேலே பார்த்தால் புதுசு. விரித்துப் பிடித்தால் சல்லடை. "நாலு வருஷமா யாருக்கும் கொடுக்காம பொத்திப் பொத்தி வச்சேன் பாஸ்டர்" என்று அழுதுவிட்டார்கள். அடுத்த லைன் வீட்டில் ஒரு பெரியவர் சாக்கைப் போர்த்திப் படுக்கிறார். அந்த அம்மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நம்மில் அநேகர் வீட்டுப் பெட்டி அப்படித்தான் இருக்கிறது.

4. நாம் செய்யவேண்டியது

* துவைத்து, ஈரமில்லாமல் காயவைத்த பிறகே உள்ளே வையுங்கள்.
* மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, வெயிலில் உதறி, காலரையும் மடிப்புகளையும் பிரஷ்ஷால் தேயுங்கள். பெட்டியின் மூலைகளையும் துடையுங்கள்.
* அந்துருண்டை இறுக மூடிய பெட்டியில்தான் பலன் தரும். அது விஷம்; பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது. அதோடு வைத்த துணியைத் துவைத்துக் காற்றாட விடாமல் கைக்குழந்தைக்குப் போர்த்தாதீர்கள்.
* புழு வந்துவிட்டால், துணியைப் பாலிதீன் பையில் இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வையுங்கள். புழுவும் முட்டையும் சாகும்.

எல்லாவற்றையும்விட நல்ல வழி லூக்கா 3:11-ல் இருக்கிறது. இரண்டு அங்கி உள்ளவன் என்ன செய்யவேண்டும் என்று யோவான் ஸ்நானன் அங்கே சொல்லுகிறார். தினமும் ஒருவர் போர்த்துகிற கம்பளியில் புழுவுக்கு இருட்டும் இல்லை, அமைதியும் இல்லை. குளிர் தொடங்குமுன் உங்கள் பெட்டியைத் திறங்கள். வீட்டுக்குத் தேவையானதை எடுத்துவைத்து, மீதியை ஓட்டை விழுமுன்னே கொடுத்துவிடுங்கள்.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.