ஈசிஜி சரி, எக்கோ எதற்கு?

என் ராத்தாவுக்கு லூபஸ். ஈசிஜி நல்லாத்தான் இருக்கு. பிறகும் டொக்டர் எக்கோ எடுக்கச் சொல்கிறார். ஏன்? – வாசகி, மருதமுனை

பயம் வேண்டாம் தங்கச்சி. ஈசிஜி காட்டுவது இதயத்தின் மின்னோட்டத்தை. பாவில் அறுந்த இழையைத் தறிச் சத்தத்தில் பிடிக்க முடியுமா? குனிந்துதான் பார்க்க வேண்டும்; எக்கோ அப்படிக் குனிந்து பார்ப்பதுதான். லூபஸ் இதய உறையில் நீர் கோர்க்க வைக்கலாம். வால்வில் சிறு முடிச்சுகளும் வரலாம். 1924இல் லிப்மன், சாக்ஸ் என்ற வைத்தியர்கள் விவரித்ததால் அவற்றுக்கு அவர்கள் பெயர்தான். நுரையீரல் இரத்தக்குழாய் அழுத்தத்தையும் எக்கோவில் மதிப்பிடலாம். கதிர்வீச்சு இல்லை, வழக்கமான எக்கோவுக்குப் பட்டினியும் தேவையில்லை. இதயத் தசையிலேயே அழற்சி என்று சந்தேகம் வந்தால் எம்ஆர்ஐயும் எடுக்கச் சொல்லலாம்.

மல்லாந்து படுத்தால் நெஞ்சு வலித்து, முன்னால் சாய்ந்தால் குறைகிறதா? இதய உறையின் அழற்சியாக இருக்கலாம்; அதைக் கிளினிக்கில் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த எக்கோவை அதோடுதான் ஒப்பிடுவார்கள்.