அயுத்தயாவுக்குக் குழு அழைத்துச் செல்லும் இளைஞருக்கு



அயுத்தயா, பாங்காக்கிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், சாவ் பிரயா, லோப்புரி, பா சாக் ஆகிய மூன்று ஆறுகள் சூழ்ந்த தீவு நகரம். 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தலைநகரான அது, 1767இல் பர்மியப் படையிடம் வீழும்வரை நானூறு ஆண்டுகளுக்கு மேல் சயாமை ஆண்டது. 1991இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. பாங்காக்கிலிருந்து போகும் வழியிலேயே பாங் பா-இன் அரண்மனை வந்துவிடுவதால், இரண்டையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்புவது வழக்கம்.

தாய்லாந்தில் வழிகாட்டித் தொழில் அந்நாட்டுக் குடிமக்களுக்கே உரியது. உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி பேச, அதைக் குழுவுக்குத் தமிழில் எடுத்துச் சொல்வதே உடன் வரும் டூர் மேனேஜரின் பங்கு. அதற்கு முன்கூட்டியே படித்திருக்க வேண்டும். மன்னர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் ஒப்பித்தால் பத்தாவது நிமிடத்தில் குழு நிழல் தேடிப் போய்விடும். செங்கல் மட்டும் மிஞ்சிய இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று கண்முன் நிறுத்துவதே இந்தப் பயணத்தின் முக்கிய வேலை.

அதனால்தான் அரண்மனையை முதலில் காட்டுவது நல்லது. பாங் பா-இன்னை 17ஆம் நூற்றாண்டில் தொடங்கியவர் பிரசாத் தோங் மன்னர். அயுத்தயா வீழ்ந்தபின் அது காடாகிக் கிடந்தது. இன்று நிற்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை 1872க்கும் 1889க்கும் இடையில் மன்னர் சுலாலங்கோன் கட்டியவை. குளத்தின் நடுவே நிற்கும் ஐசாவன் திப்பயா-ஆட் மண்டபத்தில் குழுவைச் சற்று நேரம் நிறுத்த வேண்டும். அடுக்கடுக்காக இறங்கும் கூரை, நடுவில் கூர்ந்தெழும் கோபுரமுடி, மினுங்கும் வண்ணம் எல்லாம் அங்கே முழுமையாக இருக்கின்றன. அந்த வடிவம் கண்ணில் பதிந்துவிட்டால், பிற்பகலில் வெறும் அடித்தளங்களைப் பார்க்கும்போது மேலே இருந்த கூரையை மனம் தானே வரைந்துகொள்ளும். சீன வணிகர்கள் அன்பளிப்பாகக் கட்டித் தந்த வெஹாட் சம்ரூன் மாளிகையையும் விட்டுவிடக் கூடாது. 1880இல் படகு கவிழ்ந்து மகளோடு மூழ்கிய அரசி சுனந்தாவின் நினைவுச் சின்னமும் அதே வளாகத்தில் இருக்கிறது. அரச குடும்பத்தினரைத் தொடக்கூடாது என்ற விதிக்கு அஞ்சி யாரும் கைகொடுக்கவில்லை என்று சொல்லப்படுகிறது. அதைக் குரல் தாழ்த்திச் சொல்வதே அந்த இடத்துக்கு மரியாதை. தோளும் முழங்காலும் மறையும் உடை கட்டாயம் என்பதை முந்தைய இரவே குழுவுக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

அயுத்தயாவில் முதலில் பார்க்க வேண்டியது வாட் பிரா சி சன்பெட். பழைய அரண்மனை வளாகத்துக்குள்ளேயே, துறவிகள் தங்காத அரச கோயிலாக அது இருந்தது. பாங்காக்கின் மரகத புத்தர் கோயிலுக்கு முன்மாதிரி இதுவே. மணி வடிவில் இலங்கை மரபில் எழுந்த மூன்று தூபிகள் மன்னர்களின் அஸ்தியைத் தாங்குபவை. அருகில் அரண்மனை என்று காட்டுவதற்கு அடித்தளம்தான் இருக்கிறது. மரத்தாலானவை தீக்கு இரையாயின. புதிய தலைநகருக்காகச் செங்கற்களும் படகில் பாங்காக்குக்குப் போயின. நகரம் அழிந்ததில் போருக்கு இருந்த பங்கோடு இந்தப் பங்கையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு நேர்மையாக இருக்கும்.

தலையில்லாத புத்தர் சிலைகளைக் கண்டதும் குழுவில் யாராவது காரணம் கேட்பார்கள். பர்மியர்கள் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது, ஆனால் பாதி உண்மை. புதையல் தேடியவர்களும் பழம்பொருள் வணிகமும் பிற்காலத்தில் செய்த சேதம் பெரிது. 1957இல் வாட் ராட்சபுரானாவின் நிலவறையைத் திருடர்கள் உடைத்தார்கள். மீட்கப்பட்ட பொன் அணிகள் பக்கத்திலுள்ள சாவ் சாம் பிரயா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நேரம் குறைவாக இருந்தால் இன்னொரு கோயிலை விட்டுவிட்டு அங்கே போவதே மேல்.

வாட் மகாதாட்டில் மரவேர்கள் சுற்றிப் பிடித்த புத்தர் தலை எல்லோரும் படம் எடுக்கும் இடம். அங்கே நின்றபடி படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தத் தலையைவிடத் தாழ உட்கார வேண்டும். காவலர் சொல்லும் முன் குழுவுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தலை அங்கே எப்படி வந்தது என்பதற்குப் பல கதைகள் உண்டு. கதையைக் கதை என்றே சொல்வது நல்லது.

கம்போடியச் சாயலில் உயர்ந்த பிராங் கோபுரங்களைப் பார்த்ததும் நம்மவர்கள், சோழர் கட்டியதா என்று கேட்பதுண்டு. இல்லை என்பதே பதில். கெமர் கட்டடக்கலை வழியாக இந்தியக் கோயில் மரபின் சுவடு அதில் இருக்கிறது. தமிழோடு உள்ள தொடர்பைப் பாங்காக்கில்தான் காட்ட வேண்டும். அங்கே அரசவைப் பிராமணர்களின் தேவஸ்தானத்தில் ஆண்டுதோறும் நடக்கும் சடங்கில் திருவெம்பாவையின் வரிகள் உருமாறிய ஒலியில் இன்றும் ஓதப்படுகின்றன. உண்மையான இந்தத் தொடர்பே போதுமான அளவு வியப்பைத் தரும்; இல்லாததைச் சேர்க்க வேண்டியதில்லை.

கடைசி நிறுத்தமாக, தீவுக்கு வெளியே மேற்குக் கரையில் உள்ள வாட் சைவத்தனராம் பொருந்தும். பாங் பா-இன்னைத் தொடங்கிய அதே பிரசாத் தோங் 1630இல் எழுப்பியது அது. வெயில் தணிந்த பிறகு அங்கே நடப்பது முதியவர்களுக்கும் எளிது. 2011 வெள்ளத்தில் இந்தக் கோயிலும் மூழ்கியது. செப்டம்பர், அக்டோபரில் ஆறு ஏறும் என்பதால், அந்த மாதங்களில் புறப்படும் முன் உள்ளூர் வழிகாட்டியிடம் நீர்மட்டம் கேட்டுத் திட்டத்தை உறுதிசெய்ய வேண்டும்.