ஐந்து வயது வரை காத்திருக்க வேண்டாம்

பிள்ளை பேசவில்லையே என்ற கவலையோடு திருச்செந்தூர் வரும் இளம் பெற்றோருக்கும், ஆட்டிசம் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டவர்களுக்கும், இந்தப் பிள்ளைகளோடே காலம் கழித்த ஆசிரியை ஒருத்தி சொல்வது:

1. ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாதிருந்து, செந்திலாண்டவன் சந்நிதியில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த வரலாறு. நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள். ஆனால் அதைச் சொல்லியே ஐந்து வயது வரை நாளைக் கடத்தாதீர்கள். ஒன்றரை வயதாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை என்றால் உடனே குழந்தை மருத்துவரிடம் போங்கள். காது கேட்கிறதா என்றும் சேர்த்தே பாருங்கள்.

2. தாயின் வளர்ப்பு ஆட்டிசத்துக்குக் காரணமில்லை, தடுப்பூசியும் இல்லை. தடுப்பூசியைப் பழித்து 1998இல் வெளியான ஆய்வுக் கட்டுரையை லான்செட் இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது.

3. கோயிலுக்கு வருவதையே பயிற்சியாக்கலாம். ரயில், கடல், நாழிக்கிணறு, சந்நிதி, இலை விபூதி, வீடு என்று படங்களை ஓர் அட்டையில் வரிசையாக ஒட்டி, முந்தின நாளே காட்டுங்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் அந்தப் படத்தைப் பிள்ளையே உரித்துப் பையில் போடட்டும். அடுத்து என்ன என்று தெரிந்தாலே பதற்றம் தணியும். சஷ்டிக் கூட்டத்தில் கொண்டுவராதீர்கள். நாழிக்கிணற்றுத் தண்ணீரை எடுத்ததுமே தலையில் ஊற்றாமல் காலிலிருந்து நனையுங்கள்.

4. நாலு பேர் கை காலை அமுக்கிப் பிடித்து மொட்டை போடுவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். ஈரக்கை தலையில் படுவதையே தாங்காத பிள்ளைகள் உண்டு. கத்தி உரசும் ஓசை வேறு. பிடிவாதம் என்று அதட்டுகிறார்கள், பிள்ளையோ உண்மையாகவே வலியில் துடிக்கிறது. வீட்டிலேயே ஈரக்கை, சீப்பு, அப்பா முடிவெட்டிக்கொள்வதை உட்கார்ந்து பார்ப்பது என்று வாரக்கணக்கில் பழக்குங்கள். அப்படியும் முடியவில்லையா, பூமுடியாகக் கொஞ்சம் முடி மட்டும் கொடுங்கள். முருகன் ஏற்றுக்கொள்வான்.

5. சொன்னதையே சொல்லும் பிள்ளையின் வாயை அடைக்காதீர்கள். நெல்லை ரயிலில் நிலையப் பெயர்களை ஒப்பிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். 'ஆறுமுகநேரி' என்று நீங்கள் சொல்லி நிறுத்துங்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். 'காயல்பட்டினம்' என்று வரலாம். வராவிட்டாலும் ஏன் நிறுத்தினீர்கள் என்று முகத்தைப் பார்க்கலாம். நீ ஒன்று, நான் ஒன்று என்று பேசும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. வேண்டியதைப் படம் தொட்டுக் கேட்கப் பழக்கினால் பேச்சு நின்றுபோகும் என்பதை நம்பாதீர்கள்.

6. விரலுக்கு வேலை வேண்டும். தை மாதத்தில் அவித்த பனங்கிழங்கைத் தோலுரித்து, நார் கிழிக்கக் கொடுங்கள்.

7. வீட்டில் இன்னொரு பெண் இருக்கிறாள், வரன் தட்டிப்போகும் என்று மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்காமல் மறைக்கிறவர்கள் உண்டு. அதன் நட்டம் முழுக்கப் பிள்ளைக்குத்தான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. 'நிராமயா' காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும். பயிற்சிச் செலவுக்கும் அதில் இடமுண்டு. இந்த வாரமே உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய், சான்றிதழுக்கு விண்ணப்பம் கொடுங்கள்.