ஸ்கெலிட்டன் கடற்கரை: மூன்று பயணப் பாதைகள்

நமீபியாவின் வடமேற்கில், நமீப் பாலைவனம் அட்லாண்டிக் கடலோடு நேராகச் சேரும் இடம் ஸ்கெலிட்டன் கடற்கரை. பெங்குவேலா குளிர் நீரோட்டத்தால் இங்கே மழை அரிது, மூடுபனி அதிகம். பனியில் திசை தவறித் தரைதட்டிய கப்பல்களும், கரையில் கிடந்த திமிங்கில எலும்புகளும் இந்தக் கரைக்குப் பெயர் தந்தன. உகாப் ஆறு முதல் அங்கோலா எல்லையிலுள்ள குனேனே ஆறு வரை, சுமார் 500 கி.மீ. நீளமுள்ள பகுதி 1971இல் தேசியப் பூங்காவானது. காரில் வருவோர் பொதுவாக ஸ்வாகோப்முண்ட் நகரிலிருந்து வடக்கே புறப்படுவார்கள்.

கேப் கிராஸ் வரை

ஒரே நாள் கையில் உள்ளவர்களுக்கும் குழந்தைகளோடு வருவோருக்கும் இது போதும். தொலைவு சுமார் 120 கி.மீ. ஹென்டீஸ் பே ஊருக்குத் தெற்கே, ‘சைலா’ என்ற மீன்பிடிக் கப்பலின் கூடு அலைகளுக்கு நடுவே நிற்கிறது. பழைய இரும்புக்கு விற்கப்பட்டு இழுத்துச் செல்லப்படும்போது கயிறு அறுந்து, 2008இல் இங்கே தரைதட்டியது. இப்போது அது நீர்க்காகங்களின் இருப்பிடம்.

போர்த்துகீசிய மாலுமி டியோகோ காவோ 1486இல் கல்சிலுவை நட்ட இடமே கேப் கிராஸ். இன்று அங்கே பல்லாயிரம் கடல்நாய்கள் பாறைகளில் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. நவம்பர், டிசம்பரில் குட்டிகள் பிறக்கும். இரை தேடிவிட்டுக் கரையேறும் தாய் கத்திக் கூப்பிட, குட்டி பதில் குரல் கொடுக்கும். கிட்டே வந்ததும் தாய் மோந்து பார்த்துத்தான் பால் கொடுக்கும். நாற்றம் கடுமையாக இருக்கும்.

பூங்காவின் குறுக்கே

உகாப் வாயிலில் நுழைந்து, டோரா பே அருகே கிழக்கே திரும்பி, ஸ்ப்ரிங்போக்வாஸர் வாயிலில் வெளியேறும் பாதை இது. ட்வைஃபெல்ஃபொன்டைன் பாறைச் செதுக்கல்களுக்கோ எட்டோஷா தேசியப் பூங்காவுக்கோ போகிறவர்களுக்கு இதுவே தோதான வழி. கடந்து செல்ல மட்டும் அனுமதி பெறுவோர் பிற்பகல் 3 மணிக்குள் வாயிலுக்குள் நுழைந்துவிட வேண்டும். அவர்கள் தங்குமிடங்களுக்குச் செல்ல முடியாது. ஆளரவமற்ற கரையை நிதானமாகப் பார்க்க விரும்புவோர் டெரஸ் பே விடுதியில் முன்பதிவு செய்து ஓர் இரவாவது தங்குவது நல்லது. டோரா பே கூடார முகாம் டிசம்பர், ஜனவரியில் மட்டுமே திறந்திருக்கும். அப்போது தூண்டில் போடுவோர் கூட்டம் மிகுதி.

வடகோடிக்கு விமானத்தில்

டெரஸ் பேக்கு வடக்கே பொதுமக்கள் தம் விருப்பப்படி வண்டி ஓட்டிச் செல்ல முடியாது. பெரும்பாலும் சிறு விமானத்தில் போய், உரிமம் பெற்ற முகாம்களில் வழிகாட்டியுடன் தங்க வேண்டும். மணல்மேடுகளையும் வறண்ட ஆற்றுப்படுகைகளில் வாழும் யானைகளையும் காண இது சிறந்த வழி. செலவு மற்ற இரண்டையும்விடப் பல மடங்கு.

வண்டியும் சாலையும்

முதல் இரண்டு பாதைகளுக்கும் நான்கு சக்கர இயக்க வண்டி கட்டாயமில்லை. ஆனால் தரை உயரமான வண்டி சரளையில் நிம்மதி தரும். ஜிப்சமும் உப்புநீரும் சேர்த்து இறுக்கிய உப்புச்சாலை காய்ந்திருக்கும்போது தார்ச்சாலை போல் வழவழப்பாக இருக்கும். மூடுபனியில் நனைந்தால் வழுக்கும். காலையில் பனி விலகியபின் புறப்படுவதும், பகலிலும் முகப்பு விளக்கை எரியவிடுவதும் பாதுகாப்பு. ஹென்டீஸ் பேயில் டேங்க்கை நிரப்பி, இரண்டு ஸ்டெப்னிகளும் குடிநீரும் வைத்துக்கொள்ள வேண்டும். பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது.

எதைத் தேர்வது?

ஒரு நாள் என்றால் கேப் கிராஸ். இரண்டு, மூன்று நாள் என்றால் டெரஸ் பேயில் தங்கிப் பூங்காவைக் கடப்பது. பணமும் நேரமும் தாராளமாக இருந்தால் வடகோடி. செலவையும் அனுபவத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் பெரும்பாலோருக்கு இரண்டாவதே சிறந்தது. எந்தப் பாதையானாலும் சாலையை விட்டு வண்டியை இறக்கக் கூடாது. சரளைத் தரையில் படர்ந்துள்ள லைக்கன்கள் மூடுபனி ஈரத்தை மட்டும் நம்பி மிக மெதுவாக வளர்பவை; ஒருமுறை பதிந்த டயர் தடம் மறையப் பல பத்தாண்டுகள் ஆகும்.