மழை பிடிக்கும் முன் நோட்டு உறைகளை மாற்றிவிடுங்கள்

புரட்டாசி வெயில் இன்னும் கொஞ்ச நாள்தான். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதன்பின் டிசம்பர் கடைசிவரை சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும் நாள்களே அதிகம். பழைய ரூபாய் நோட்டுகளைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் ஆல்பத்தைத் திறக்க வேண்டிய நேரம் இது. திறந்ததும், நோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை முதலில் பாருங்கள். நான் பார்த்த வரையில், கரையானும் வெள்ளமும் கெடுத்த நோட்டுகளைவிட மலிவான ஆல்பம் கெடுத்த நோட்டுகளே அதிகம். கரையான் அரித்தால் அன்றே தெரியும். உறை கெடுப்பது பல ஆண்டு கழித்துத்தான் தெரியும்.

வேலைக்கு ஏற்ற பொழுதைத் தேர்ந்துகொள்ளுங்கள். மழை பெய்து இரண்டு மூன்று நாளான பிறகு, மேல்காற்று அடிக்கும் முற்பகல் நல்லது. கடற்காற்று உள்ளே திரும்புவதற்கு முன்பான அந்த நேரத்தில்தான் காற்று காய்ந்திருக்கும். அப்போது உறைமாற்றிப் பெட்டியை மூடினால் உள்ளே அடைபடும் காற்றும் காய்ந்ததாக இருக்கும். நோட்டுகளை வெயிலில் மட்டும் காட்டாதீர்கள், மை வெளிறும். சோப்புப் போட்டுக் கை கழுவி நன்றாக உலர்த்திய பிறகு, சுத்தமான மேசையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். கையில் கிரீம், எண்ணெய், விபூதி எதுவும் இருக்கக் கூடாது.

முதலில் உறையை முகர்ந்து பாருங்கள். புது ரெக்சின் பையிலும் காரின் புது சீட் கவரிலும் வருமே, அந்த வாசனை வந்தால் அது பெரும்பாலும் பி.வி.சி. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பணத்தாள் ஆல்பங்கள், வங்கிப் பாஸ்புக்கோடு வரும் மெல்லிய உறைகள், அடையாள அட்டைக் கவர்கள் பலவும் இந்த வகைதான். பி.வி.சி. இயல்பில் விறைப்பான பொருள். அதைத் தாள்போல வளையச் செய்ய எண்ணெய் போன்ற ஒரு நெகிழ்வூட்டியைக் கலக்கிறார்கள். பெரும்பாலும் தாலேட் வகை. அது பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்பு கொண்டதல்ல, சும்மா கலந்திருப்பது. வெப்பத்தில் மெல்ல மெல்ல வெளியே கசிந்து நோட்டின்மேல் படிகிறது. பி.வி.சி. சிதையத் தொடங்கினால் ஹைட்ரஜன் குளோரைடும் வெளியேறும். ஈரக் காற்றோடு சேர்ந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். நம் நோட்டுகள் பருத்தி இழையால் ஆனவை. பருத்தி என்றால் செல்லுலோஸ். அமிலம் பட்டால் அதன் நீண்ட மூலக்கூறுகள் துண்டு துண்டாக அறுபட்டுத் தாள் வலுவிழக்கும். ஆண்டு முழுக்க வெப்பமும் மூன்று மாதம் ஈரமும் உள்ள நம் ஊரில் இது குளிர்நாடுகளைவிட வேகமாக நடக்கிறது.

இந்தக் கேடு தொடங்கிவிட்டதா என்று கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். உறையின் உட்பக்கம் ஈரம்பட்டது போல மினுமினுக்கும், அல்லது பால்போல மங்கியிருக்கும். விரல் வைத்தால் பிசுபிசுக்கும். நோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய் இறங்கிய இடம் போல ஒரு பகுதி மட்டும் ஒளி ஊடுருவும். மோசமான நிலையில், நோட்டின் மை பிளாஸ்டிக்கில் எதிர்ப்பதிவாக ஏறியிருக்கும். நாணயமும் சேர்ப்பவர்களுக்கு இதே பிளாஸ்டிக்கின் வேலை வேறு வடிவில் பழக்கம்தான்: செம்பு கலந்த காசுகளில் படியும் பச்சைப் பிசுக்கு.

நோட்டு உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். உறையின் மூன்று பக்கத்தையும் கத்தரித்துத் திறந்து, ஒட்டாத மூலையிலிருந்து பிளாஸ்டிக்கைப் பின்னோக்கி மடித்துக்கொண்டே வாருங்கள். நகர வேண்டியது பிளாஸ்டிக். நோட்டு மேசையில் சமதளமாக அசையாமல் இருக்க வேண்டும். வராவிட்டால் அப்படியே விட்டு, தாள் பாதுகாப்புத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். தண்ணீர், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கி என்று வீட்டு வைத்தியம் வேண்டாம்.

வாசனையில் முடிவுக்கு வர முடியவில்லையா? உறையின் ஓரத்திலிருந்து ஒரு சிறு துண்டு வெட்டி, ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு கலந்த தண்ணீரில் கரண்டியால் அமுக்கி விடுங்கள். பாலிபுரொப்பிலீனும் பாலிஎத்திலீனும் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தவை, மேலே வந்துவிடும். பி.வி.சி.யும் பாலியெஸ்டரும் மூழ்கும். மூழ்கிய இரண்டையும் கையாலேயே பிரித்தறியலாம். பாலியெஸ்டர் கண்ணாடிபோலத் தெளிவாக, விறைப்பாக இருக்கும். கசக்கினால் சலசலக்கும், மடித்த கோடு நிற்கும், வாசனை இராது. பி.வி.சி. உறை மெத்தென்று இழுபடும்.

அப்போதும் ஐயம் தீராவிட்டால் செம்புக் கம்பிச் சோதனை இருக்கிறது. பெயில்ஸ்டீன் சோதனை என்று வேதியியல் மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். செம்புக் கம்பியின் நுனியைச் சுடரில் செந்நிறமாகக் காய்ச்சி, அந்தச் சூட்டோடு உறையின் வெட்டிய துண்டில் தொட்டு, மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையாக மாறினால் அதில் குளோரின் இருக்கிறது. அந்தப் புகை நச்சு என்பதால் திறந்த இடத்தில், கடுகளவு துண்டில், பெரியவர்கள் மட்டும், கம்பியை இடுக்கியால் பிடித்துச் செய்ய வேண்டும். ஆல்பம் பக்கத்தில் இருக்கக் கூடாது. உறையின் அடியில் முக்கோண மறுசுழற்சிக் குறி இருந்தால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம்: 3 என்றால் பி.வி.சி., 1 பாலியெஸ்டர் குடும்பம், 5 பாலிபுரொப்பிலீன், 2-ம் 4-ம் பாலிஎத்திலீன். ‘ஆசிட் ஃப்ரீ’ என்ற முத்திரையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அது தாளுக்குச் சொல்லும் தகுதி. பிளாஸ்டிக் எந்த வகை என்று அதிலிருந்து தெரியாது.

எதை வாங்குவது? பாலியெஸ்டர்தான் முதலிடம். சேகரிப்பாளர்கள் பொதுவாக ‘மைலார்’ என்கிறார்கள். அது டூபான்ட் நிறுவனம் வைத்த வணிகப் பெயர். ஆவணக் காப்பகங்களில் இப்போது அதிகம் கேள்விப்படுவது மெலினெக்ஸ் 516. மேற்பூச்சும் நெகிழ்வூட்டியும் இல்லாத பாலியெஸ்டர் என்று விற்பவர் தெளிவாகச் சொன்னால் வாங்கலாம். ஒளிப்படங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 18916 சோதனையில் தேறியது என்று குறிப்பிட்டிருந்தால் இன்னும் நல்லது. அடுத்தது பாலிபுரொப்பிலீன். சற்றே மங்கலாகத் தெரியும், ஆனால் தீங்கற்றது, விலையும் கைக்கு எட்டும். நூறு நோட்டு இருக்கிறது, எல்லாவற்றுக்கும் பாலியெஸ்டர் கட்டுப்படியாகாது என்றால், மடிப்பே படாத யு.என்.சி. நோட்டுகளுக்கும் ஆறாம் ஜார்ஜ் காலத்து நோட்டுகளுக்கும் மட்டும் பாலியெஸ்டர் போட்டு, புழங்கிய நோட்டுகளைப் பாலிபுரொப்பிலீனில் வையுங்கள். தமிழ் வரியின் வரிசை மாறியதால் எதிர்ப்பு எழுந்து திரும்பப் பெறப்பட்ட 1998 மொரீஷியஸ் வரிசையில் ஒன்று கையில் இருந்தால் அதுவும் பாலியெஸ்டருக்கு உரியது. இந்த மாதம் புது நோட்டு வாங்க ஒதுக்கிய பணம் இருந்தால் அதை உறைக்குத் திருப்பிவிடுங்கள். இருப்பதைக் காப்பாற்றாமல் மேலும் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

கெட்டியான அட்டைபோன்ற ‘டாப்லோடர்’ உறைகள் பல, நெகிழ்வூட்டி கலக்காத பி.வி.சி.யால் செய்தவை. மெத்தென்ற பி.வி.சி. அளவுக்குக் கேடில்லை. என்றாலும் நோட்டை நேரடியாக உள்ளே வைக்காமல் பாலியெஸ்டர் உறையிலிட்டுச் செருகுங்கள். அதுவும் தபாலில் அனுப்பவோ கண்காட்சிக்குக் கொண்டுபோகவோ மட்டும். பசைப்பக்கம் கொண்ட கல்யாண ஆல்பங்களை அறவே தவிர்க்க வேண்டும். லேமினேஷன் செய்த நோட்டு சேகரிப்பு மதிப்பை இழந்த நோட்டு. செலோ டேப்பின் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும். பிறகு எடுக்க வராது.

அளவு பார்த்து வாங்குவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 1996-இல் தொடங்கிய மகாத்மா காந்தி வரிசையின் 100, 500, 1000 ரூபாய் நோட்டுகளின் உயரம் 73 மி.மீ. 2016-க்குப் பிந்தைய 50 முதல் 2000 வரையான நோட்டுகள் 66 மி.மீ. ஏ4 தாளின் நீளம் 297 மி.மீ. அதை நான்கு பைகளாகப் பிரித்தால் ஒரு பைக்கு 74 மி.மீ. ஒட்டிய விளிம்பு போக மிஞ்சுவது 70-ஐ ஒட்டித்தான். புது நோட்டுக்கு அது சரி. பழைய 500-ஐ அதில் திணித்தால் ஓரம் நசுங்கும். 73 மி.மீ. நோட்டுகளுக்கு மூன்று பைகள் கொண்ட பக்கமே பொருந்தும்; 1967-இல் அளவு குறைக்கப்படுவதற்கு முந்தைய பெரிய நோட்டுகளுக்கு உயரத்தையும் அளந்து பார்த்தே பக்கம் வாங்குங்கள். பழைய ஆயிரத்தின் அகலம் 177 மி.மீ.; பையின் உள்ளகலத்தை அளந்து பார்த்து வாங்குங்கள். ஒவ்வொரு பக்கமும் நாலைந்து மி.மீ. இடம் விட்டால் போதும். ஒரு ரூபாய் நோட்டு 97 மி.மீ. அகலம்தான்; பெரிய பையில் போட்டால் உள்ளே வழுக்கி வழுக்கி மூலை மழுங்கும்.

தனி உறை வாங்கினால், அடுத்தடுத்த இரண்டு பக்கம் மட்டும் ஒட்டிய வகையைத் தேடுங்கள். புத்தகம்போலத் திறந்து நோட்டை உள்ளே கிடத்திவிடலாம். ஒரு பக்கம் மட்டும் திறந்த உறையில் நோட்டைத் தள்ளித் தள்ளி நுழைக்கும்போதுதான் யு.என்.சி. மூலைகள் போகின்றன. ஒரு உறையில் ஒரு நோட்டு. முதுகுக்கு முதுகாக இரண்டை வைத்தால் மை ஒன்றில் ஒன்று ஏறும். சிங்கப்பூர், மலேசியப் பாலிமர் நோட்டுகளும் இலங்கையின் 1998 பாலிமர் 200 ரூபாயும் ஈரத்தை உறிஞ்சா. ஆனால் மடிப்பு விழுந்தால் போகாது. அவற்றுக்கும் தனி உறைதான்.

பின் அடித்த கட்டுகள் வைத்திருப்போருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நோட்டுக் கட்டுகளுக்குப் பின் அடிக்கக் கூடாது, தாள் பட்டைதான் போட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2001-இல் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அதற்கு முந்தைய கட்டுகளில் இரும்புப் பின் இருக்கும். பின்னோடு உள்ள முழுக் கட்டுக்குச் சந்தையில் தனி மதிப்பு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் துரு பிடிக்கத் தொடங்கிய பின்னை இந்த மழைக்காலத்துக்குள் விட்டுவைப்பது தவறு. துரு பரவும் இடத்தில் பருத்தித் தாள் அரிபட்டு ஓட்டை பெரிதாகும். கட்டைக் கவிழ்த்து, பின்னின் மடங்கிய காலுக்கும் நோட்டுக்கும் நடுவே மெல்லிய பாலியெஸ்டர் துண்டைச் செருகிக்கொண்டு, தட்டையான முனையால் காலை நிமிர்த்தி, மறுபக்கம் உருவுங்கள். கழற்றும் முன் கட்டைப் படம் எடுத்து வையுங்கள். பின்னைப்போல நீக்கக் கூடாத ஒன்றும் உண்டு: பழைய ஒற்றைப்பக்க நோட்டுகளில் சிலவற்றைப் பாதியாக வெட்டி ஒட்டியிருப்பார்கள். அக்காலத்தில் பத்திரம் கருதி இரு பாதிகளையும் தனித்தனித் தபாலில் அனுப்பினார்கள். அந்த ஒட்டு வரலாற்றின் பகுதி. அதைப் பிரித்துச் சீர்செய்ய முயலாமல் அப்படியே அகலமான பாலியெஸ்டர் உறையில் கிடத்துங்கள்.

உறை மாற்றும்போதே பழைய 500, 1000 எத்தனை என்று எண்ணிவிடுங்கள். செல்லாததாக்கப்பட்ட நோட்டுகள் குறித்த 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவர் மொத்தமாகப் பத்து நோட்டு வைத்திருக்கலாம். படிப்பு, ஆய்வு, சேகரிப்பு நோக்கமானால் 25 வரை. மீறினால் 10,000 ரூபாய் அல்லது முகமதிப்பின் ஐந்து மடங்கு, இதில் எது அதிகமோ அது அபராதம்.

உறைபோட்ட ஆல்பம் எங்கே இருக்கப்போகிறது என்பது அடுத்த கேள்வி. இரும்பு பீரோவின் அடித்தட்டும், வெளிச்சுவரை ஒட்டிய மர அலமாரியும் வேண்டாம். மழையில் வெளிச்சுவர் குளிர்ந்து ஈரம் அங்கேதான் கோக்கும். கரையானும் அந்த வழியாகத்தான் ஏறும். உட்சுவர்ப் பக்கம், இடுப்புக்கு மேலான தட்டு சரி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியதை நினைத்துக்கொண்டு உயரத்தைத் தீர்மானியுங்கள். ரப்பர் வளையம் வைத்து மூடும் பாலிபுரொப்பிலீன் டப்பாவில் ஆல்பத்தை நிமிர்த்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் அழுத்தத்தில் நோட்டின் புடைப்பு அச்சு தட்டையாகும். அந்துருண்டை வேண்டவே வேண்டாம். நாஃப்தலீன் ஆவி பிளாஸ்டிக்கிலும் மையிலும் படியும். ராமபாணப் பூச்சிக்கு மருந்து, இருட்டும் ஈரமும் தூசியும் இல்லாத தட்டுதான். பக்கங்களுக்கு நடுவே செய்தித்தாள் வைக்காதீர்கள். சில ஆல்பங்களோடு வரும் கறுப்புத் தாளை ஈரப் பஞ்சால் ஒற்றிப் பாருங்கள். சாயம் இறங்கினால் எடுத்தெறியுங்கள்.

டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் வைக்கலாம், நோட்டைத் தொடாமல் துணிப்பையில் கட்டி. நீல மணிகள் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். அந்த நீலம் கோபால்ட் குளோரைடு, உடலுக்குக் கெடுதல். ஆரஞ்சு பச்சையாகும் வகையை வாங்குங்கள். நிறம் மாறினால் சமைக்கப் பயன்படாத ஓவனில் 110 டிகிரி சூட்டில் ஓரிரு மணி நேரம் வைத்தால் மறுபடி வேலை செய்யும். ஜெல் அதிகமானால் தாள் காய்ந்து மொடமொடத்துப் போகும் என்பதால் ஒரு சின்ன ஈரப்பதமானியையும் உள்ளே போடுங்கள். முள் 45-க்கும் 55-க்கும் நடுவே நின்றால் நிம்மதி. 65-ஐத் தாண்டிச் சில நாள் நின்றால் பூஞ்சை வரும். அப்போது ஜெல்லை மாற்றுங்கள். அடைமழை நாளில் டப்பாவைத் திறக்காதீர்கள். விருந்தினருக்குக் காட்டுவதைத் தை மாதத்துக்குத் தள்ளுங்கள். மூடியைத் திறக்காமலே மானியைப் பார்க்கும்படி டப்பா ஒளிபுகுவதாக இருப்பது நல்லது.

தண்ணீர் புகுந்துவிட்டால் முதல் இரண்டு நாள்தான் கையில் இருக்கிறது. அதற்குள் பூஞ்சை தொடங்கிவிடும். ஈர நோட்டுகளை ஒன்றிலிருந்து ஒன்று உரிக்காமல், தனியாக வருபவற்றை மட்டும் உறையிலிருந்து எடுத்து, வெள்ளை உறிஞ்சுதாள்களுக்கு நடுவே நிழலில் கிடத்தி, தாளை அடிக்கடி மாற்றுங்கள். இஸ்திரிப் பெட்டி, ஹேர் டிரையர் கூடாது. மின்சாரம் இருந்து, நேரமோ ஆளோ இல்லையென்றால், ஒட்டிய கட்டை அப்படியே ஜிப் பையிலிட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்த நிலையில் பூஞ்சை வளராது. மழை விட்டு வீடு காய்ந்த பிறகு, ஒரு நாளைக்குக் கொஞ்சமாக வெளியே எடுத்துப் பிரிக்கலாம்.