பக்கத்தில் கல்லணை இல்லை!

திருவரங்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகள் காவிரிப் பாலத்தைத் தினமும் பார்ப்பவர்கள். கொள்ளிடக் கரையில் வீடு உள்ளவர்களும் உண்டு. ஆனாலும் "நாம் இருப்பது ஒரு தீவு" என்றால் சிரிப்பார்கள். தீவு என்றால் சுற்றிலும் கடல் இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அதனால் 'திருவரங்கம் எப்படித் தீவானது?' என்ற தலைப்பில் ஓர் இணையப் பக்கம் தயாரித்து, அதன் இணைப்பை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். இலவச வடிவமைப்பு ஒன்றை எடுத்து, வண்ணம், பெட்டி, படம் எல்லாம் சேர்த்திருந்தேன். பார்க்க அழகாகவே இருந்தது.

அடுத்த வாரச் சிறுதேர்வில் அதே கேள்வியைக் கேட்டேன். பார்வைக் குறைபாடுள்ள ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது, வடக்கே போவது கொள்ளிடம், அதனால் திருவரங்கம் தீவு என்று எழுதியிருந்தாள். பிரிந்து போனால் மட்டும் தீவு ஆகிவிடுமா? இரண்டும் கிழக்கே கல்லணை அருகே மீண்டும் நெருங்குவதும், அங்கே காவிரியின் மிகை நீர் உள்ளாறு வழியாகக் கொள்ளிடத்தில் சேர்வதும்தானே விடையின் பாதி? 'கல்லணை எங்கே?' என்று சிவப்பு மையில் எழுதி, 5-க்கு 2 போட்டேன்.

விடைத்தாளை வாங்கியவள் மெதுவாகச் சொன்னாள்: "பக்கத்துல கல்லணையே இல்லையே டீச்சர்."

"நல்லாப் பார்த்துப் படிச்சியாம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவளிடம் கேட்கக்கூடாத கேள்வி அது.

மறுநாள் அம்மாவின் கைபேசியைக் கொண்டு வந்து காட்டினாள். எங்கள் சிறப்பாசிரியர் அவளுக்குப் பயர்பாக்ஸ் உலாவியின் வாசிப்பு முறையைக் கற்றுக்கொடுத்திருக்கிறார். ஒரு சின்னத்தைத் தொட்டதும் பக்கத்தின் வண்ணம், பட்டி, விளம்பரம் எல்லாம் மறைந்து, கருப்புப் பின்னணியில் பெரிய வெள்ளை எழுத்து மட்டும் நிற்கிறது. எழுத்தை இன்னும் பெரிதாக்கலாம். அவளால் அப்படித்தான் படிக்க முடியும். அந்தத் திரையில் கல்லணை உண்மையிலேயே இல்லை. 'நினைவில் கொள்க' என்று மஞ்சள் பெட்டிக்குள் நான் போட்டிருந்த பகுதி முழுவதும் காணாமல் போயிருந்தது.

பள்ளியில் கணினி கற்பிப்பவர் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து பார்த்தார். வடிவமைப்பாளர் அந்தப் பெட்டிக்கு வைத்திருந்த பெயர் 'சைட்பார்'. பிரச்சினை அங்கேதான்.

வாசிப்பு முறைக்குப் பாடத்தின் பொருள் புரியாது. எது கட்டுரை, எது ஓரச் சரக்கு என்று அது மதிப்பெண் போட்டுத்தான் பிரிக்கிறது. பயர்பாக்ஸ் பயன்படுத்தும் 'ரீடபிலிட்டி' நிரல், 2009-இல் ஆர்க்90 என்ற நிறுவனம் வெளியிட்டதிலிருந்து வளர்ந்தது. அது பத்தி பத்தியாகப் பார்க்கிறது. 25 குறியீடுகளுக்குக் குறைந்த பத்தியைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒவ்வொரு காற்புள்ளிக்கும் ஒரு மதிப்பெண்; நீளத்துக்கு, நூறு குறியீட்டுக்கு ஒன்று வீதம் 3 வரை. (காற்புள்ளிக்கு மதிப்பெண் தருகிற திருத்துநரை நான் இங்கேதான் பார்க்கிறேன்!) இந்தக் கணக்குக்கு முன்பே, சைட்பார், மெனு, ஃபுட்டர், எக்ஸ்ட்ரா போன்ற பெயருள்ள பெட்டிகளைப் பெரும்பாலும் கழித்துவிடுகிறது. முக்கியமானதைப் பெட்டி கட்டிக் காட்டுவது கரும்பலகையில் நம் பழக்கம். உலாவியின் கண்ணுக்கு அதே பெட்டி ஓரத்தில் கிடப்பது.

சஃபாரி, குரோம், எட்ஜ் ஆகியவற்றிலும் இத்தகைய வசதி உண்டு. விதிகள் சற்று மாறலாம். ஆனால் பக்கத்தைச் சரியாக அமைத்தால் எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும். மூல நிரலில் மொத்தப் பாடமும் 'ஆர்ட்டிகிள்' குறிக்குள் இருக்கட்டும். ஒவ்வொரு பத்திக்கும் பத்திக் குறி வேண்டும். கல்லணைப் பகுதியைப் பெட்டியிலிருந்து எடுத்து, முக்கொம்பு பற்றிய பத்திக்கு அடுத்து வைத்தேன். அதன் இடம் அதுதான்.

தலைப்புகளில் இன்னொரு தவறு. எழுத்தைத் தடிப்பாக்கிப் பெரிதாக்கியதோடு விட்டிருந்தேன். வாசிப்பு முறையில் எழுத்தளவு போய்விடுகிறது. திரைவாசிப்பான் பயன்படுத்துவோர் தலைப்புக்குத் தலைப்பு தாவிச் செல்லவும் முடியாது. தலைப்புக் குறியைப் பயன்படுத்தியதும் இரண்டும் சரியாயின. 'சிவப்பு எழுத்தில் உள்ளவை தேர்வுக்கு முக்கியம்' என்ற என் வரியைப் படித்தபோதுதான் எனக்கே வெட்கமாகிவிட்டது. அவள் திரையில் சிவப்பே கிடையாது.

பழைய கோப்புகளை வைத்திருப்பவர்கள் எழுத்துருவையும் பார்க்க வேண்டும். வானவில், பாமினி போன்றவற்றில் தட்டச்சு செய்த பாடம், அந்த எழுத்துரு இருக்கும்வரைதான் தமிழ். வாசிப்பு முறை பக்கத்தின் எழுத்துருவை நீக்கித் தன் எழுத்துருவைப் போடுவதால், ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் மிஞ்சும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. அதற்கு மாற்றிவிட்டால் கவலையில்லை. பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலின் தொடக்கத்தில் குறிப்பதும் அவசியம். என் பக்கத்தில் அது ஆங்கிலம் என்றே இருந்தது. உரக்கப் படித்துக் காட்டும் கருவிகள் பல, குரலைத் தேர்வு செய்ய இந்தக் குறிப்பைத்தான் பார்க்கின்றன.

படமாக அனுப்பப்படும் பாடக்குறிப்புகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. படத்துக்குள் இருக்கும் எழுத்தை எந்த வாசிப்பு முறையும் பெரிதாக்கி வரி மாற்றித் தராது. 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டியது ஏன் என்பதை, கொள்ளிடம் அதிக நீரை இழுத்துக்கொண்டதால் காவிரிக்கு நீர் குறைந்ததை, ஒரு படத்துக்குள் எழுதி வைத்திருந்தேன். அதைப் பத்தியாக்கினேன். வரைபடத்துக்கு மாற்றுரையும் கீழ்க்குறிப்பும் எழுதினேன்.

வினாடி வினா, அட்டவணை, இணைப்புப் பட்டியல் ஆகியவற்றுக்கு இந்த முறை பொருந்தாது. அவற்றை இதற்காக வளைக்கவும் வேண்டாம். வாசிப்பு முறையில் சரியாகத் தெரிவதாலேயே நம் கடமை தீர்ந்தது என்றும் இல்லை. மின்னணுத் தகவல்கள் அணுகத்தக்க வடிவில் இருக்க வேண்டும் என 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. அதன் பரப்பு இதைவிடப் பெரிது.

இப்போது எந்தப் பக்கத்தை வெளியிடும் முன்பும் கைபேசியில் வாசிப்பு முறையில் திறந்து, என் வினாத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். இந்தத் திரையில் உள்ளதை மட்டும் படித்த பிள்ளை ஒவ்வொரு கேள்விக்கும் விடை எழுத முடியுமா? பத்து நிமிட வேலைதான்.

அவளுடைய விடைத்தாளில் 2-ஐ அடித்து 5 ஆக்கினேன். திருத்திய பக்கத்தை முதலில் அவளிடமே கொடுத்தேன். கைபேசியைக் கண்ணருகே வைத்துக் கடைசிவரை படித்துவிட்டுச் சொன்னாள்:

"கல்லணை வந்துடுச்சு டீச்சர். ஆனா 'வலப்பக்கப் படத்தைப் பார்'னு போட்டிருக்கீங்க. எனக்குப் படம் கீழதான் இருக்கு."

'முக்கொம்பு–கல்லணை வரைபடத்தைப் பார்' என்று மாற்றினேன்.