சிபில் இல்லாமல் மாத பில் போன் இணைப்பு: ஆலுவா, மட்டாஞ்சேரித் தமிழர்களுக்குச் சில குறிப்புகள்

பாலருவி எக்ஸ்பிரஸில் தென்காசிப் பக்கமிருந்து வந்து ஆலுவாவில் இறங்கி ஏலூர், எடையார் ஆலைகளுக்குப் போகிறவர்கள், மட்டாஞ்சேரி மிளகு, சுக்குக் கிடங்குகளில் மூட்டை தூக்குகிறவர்கள், வாத்துருத்தியில் குடும்பத்தோடு வாடகைக்கு இருப்பவர்கள் என்று கொச்சியைச் சுற்றித் தமிழர்கள் நிறையப் பேர். போஸ்ட்பெய்டு கேட்டுக் கடைக்குப் போனால் “சிபில் இல்லையே, லோக்கல் அட்ரஸ் இல்லையே” என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இல்லையென்றால் மேஸ்திரியோ வீட்டுக்காரரோ தன் பெயரில் எடுத்துத் தருகிறார். இரண்டுமே தேவையில்லை. கடன் வாங்கிய வரலாறே இல்லாதவரும் தன் பெயரிலேயே இணைப்பு வாங்கலாம்.

1. முதலில், போஸ்ட்பெய்டு உண்மையில் வேண்டுமா என்று பாருங்கள். இந்தியாவில் பத்தில் ஒன்பது இணைப்புகளுக்கு மேல் ப்ரீபெய்டுதான்; அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. 28 நாள் ரீசார்ஜ் போட்டால் வருஷத்துக்கு 13 முறை காசு போகிறது என்பதுதான் பலருடைய வருத்தம். இதற்காகவே, 30 நாள் திட்டம் ஒன்றும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் உத்தரவு போட்டது. கடையில் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் பேசுவதற்கு மட்டும் போன் என்றால், 2025 ஜனவரியிலிருந்து டேட்டா இல்லாத ரீசார்ஜும் கிடைக்கிறது. சம்பளத் தேதிக்குப் பிறகு பில் கட்டினால் வசதி, பேங்க் ஓடிபி வரும் எண் நடுவில் நின்றுவிடக் கூடாது, குடும்பத்துக்கே ஒரே பில் வேண்டும் என்பவர்கள் மேலே படியுங்கள்.

2. “எனக்குக் கடன் வரலாறே கிடையாது” என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். நகையை அடகு வைத்துப் பேங்கிலோ நிதி நிறுவனத்திலோ பணம் வாங்கியிருந்தால் அது பதிவாகியிருக்கும். குழுவில் எடுத்த மைக்ரோ ஃபைனான்ஸ் கடன், தவணையில் வாங்கிய செல்போன் இவையும் அப்படியே. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அவரவர் இணையதளத்திலேயே எடுக்கலாம். இடையில் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். ஸ்கோர் 300 முதல் 900 வரை. அந்த இடத்தில் மைனஸ் ஒன்று அல்லது என்.ஹெச். என்று இருந்தால் பதிவு இல்லை என்றுதான் பொருள், கெட்ட பெயர் என்று பொருள் இல்லை. கடைக்காரர் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் இதைச் சொல்லுங்கள்.

3. வரலாறு இல்லாதவருக்கு வழி டெபாசிட். ஜியோ 2023 மார்ச்சில் குடும்ப போஸ்ட்பெய்டு திட்டத்தை அறிவித்தபோது டெபாசிட் வைத்தது. வேறு கம்பெனியில் ஏற்கெனவே போஸ்ட்பெய்டு வைத்திருந்தவர்களுக்கும் சில வங்கிகளின் கிரெடிட் கார்டு வைத்திருந்தவர்களுக்கும் அதிலிருந்து விலக்கு கொடுத்தது. அதாவது பில் கட்டிய பழக்கத்துக்குச் சான்று இருந்தால் டெபாசிட் இல்லை, சான்று இல்லாவிட்டால் டெபாசிட். எல்லாக் கம்பெனிகளிலும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். ஒரு கம்பெனியில் கேட்டால் இன்னொன்றில் கேட்காமலும் இருக்கலாம், அதனால் இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள்.

கொடுக்கும்போது இரண்டு கேள்வி மலையாளத்திலேயே கேளுங்கள்: “டெப்பாசிட் எப்போழா திரிச்சு கிட்டுக? ரசீது தருமோ?” ரசீதில் ‘டெபாசிட்’ என்ற சொல்லும் உங்கள் எண்ணும் இருக்க வேண்டும். ‘ஆக்டிவேஷன்’ என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள். அது திரும்பி வராத காசு. கம்பெனி ஸ்டோரில் கட்டுவதே நல்லது. தெருமுனைக் கடையில் என்றால், பணம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததாக உங்கள் எண்ணுக்கு எஸ்எம்எஸ் வரும்வரை அங்கேயே நில்லுங்கள். இணைப்பை மூடி, பாக்கி எல்லாம் கழித்த பிறகு மீதி டெபாசிட் உங்களுடையது. இரண்டு மாதம் தாண்டியும் வராவிட்டால் அது ட்ராய் விதிக்கு விரோதம்.

4. புது எண் வேண்டாம், கையில் இருக்கும் ப்ரீபெய்டு எண்ணையே மாற்றிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து இதுதான் சுலபமான வழி. உங்கள் பெயரில் ஏற்கெனவே கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) முடிந்த எண் என்றால் ஓடிபி மூலமே போஸ்ட்பெய்டாக மாற்ற 2021 செப்டம்பரில் தொலைத்தொடர்புத் துறை அனுமதித்தது. கம்பெனியின் ஆப்பிலேயே முடிந்துவிடும். பிடிக்காவிட்டால் முதல் தடவை 30 நாளுக்குப் பிறகு ஓடிபியிலேயே திரும்பிக்கொள்ளலாம் என்று 2025 ஜூனில் விதியைத் தளர்த்தினார்கள். அடுத்தடுத்த முறைக்கு 90 நாள்.

5. ஆதாரில் தமிழ்நாட்டு முகவரி இருப்பது தடை இல்லை. கேரளத்தில் அதை வைத்துப் புது எண் எடுக்கப் போனால் உங்களை வெளியூர் வாடிக்கையாளராகப் பதிவு செய்து, இங்கே தங்கியிருக்கும் முகவரியும் உள்ளூரில் தெரிந்த ஒருவர் பெயரும் எண்ணும் கேட்பார்கள். வேலை செய்யும் இடத்து சேச்சியிடமோ பக்கத்து வீட்டாரிடமோ முன்கூட்டியே சொல்லிவையுங்கள், போன் வந்தால் எடுக்கட்டும். சில வருஷம் இங்கேயே இருப்பதாக இருந்தால், பக்கத்து அக்ஷயா கேந்திரத்தில் ஆதார் முகவரியை மாற்ற என்ன ஆவணம் ஏற்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஊர் ரேஷன் கார்டும் அந்த ஆதாரும் சேர்ந்தே இருக்கின்றன. போன் ஒன்றுக்காக மட்டும் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம்.

6. விரல் விஷயத்தில் எச்சரிக்கை. சிமென்ட் வேலை, பெரும்பாவூர் பிளைவுட் வேலை, ஃபோர்ட் கொச்சி தோபி கானாவில் சலவை வேலை என்று கையால் உழைக்கிறவர்களுக்கு ரேகை தேய்ந்துபோகும். மெஷினில் கட்டைவிரல் வைத்தால் சிவப்பு விளக்குதான். கடைக்காரர் “அண்ணே, விழலை, இன்னொரு தடவ வைங்க” என்பார். உண்மையாகவே விழாமலும் இருக்கும். ஆனால் நாட்டில் பல இடங்களில், விழவில்லை என்று சொல்லி இரண்டாம் தடவை வாங்கிய ரேகையில் இன்னொரு சிம் எடுத்து மோசடிக்காரர்களுக்கு விற்றிருக்கிறார்கள். போலீஸ் கடைசியில் வந்து நிற்பது ஆதாருக்கு உரியவர் வீட்டில். அதனால் ஒவ்வொரு தடவையும் திரையைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு முறை விழாவிட்டால் “விரல் போதும், ஒரிஜினல் கார்டை போட்டோ எடுத்து டிஜிட்டல் கேஒய்சி போடுங்க” என்று கேளுங்கள்; வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் செல்லும். 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஜெராக்ஸ் வைத்து ஃபாரம் நிரப்பும் பழைய முறை கிடையாது. ஆகவே ஆதார் நகலை யார் கேட்டாலும் தராதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும், சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு ஓடிபி கொடுங்கள். உங்கள் பெயரில் எத்தனை எண் ஓடுகிறது என்று பட்டியல் வரும். தெரியாத எண் இருந்தால் அங்கேயே ‘என்னுடையது அல்ல’ என்று குறித்துவிடலாம். ஒருவர் பெயரில் 9 இணைப்புக்கு மேல் கூடாது. மீறினால் 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி முதல் தடவைக்கு 50,000 ரூபாய் வரை அபராதம்.

7. இணைப்பு உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். “என்டெ பேரில் தன்னெ வேணம்” என்று பயப்படாமல் சொல்லுங்கள். கான்ட்ராக்டர் பெயரில் இருக்கும் சிம்மில் உங்கள் பேங்க் கணக்கு, கேஸ், ஆதார் எல்லாம் கட்டிவைத்துவிட்டு வேலையை விட்டால், அவர் நினைத்த நாளில் எண் போய்விடும். கம்பெனி கொடுக்கும் குழு இணைப்பும் கம்பெனியுடையதே. காக்கநாட்டு இன்ஃபோபார்க்கில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளும் இதைக் கவனிக்க வேண்டும். விலகும்போது எண்ணைத் தன் பெயருக்கு மாற்றித் தருவார்களா என்று சேரும் அன்றே கேட்டுவிடுங்கள். அதேபோல், நண்பனுக்கு உங்கள் ஆதாரில் சிம் எடுத்துத் தரவும் வேண்டாம்.

8. குடும்பத்தில் ஒருவருக்கு போஸ்ட்பெய்டு இருந்தால், அவர் கணக்கில் கூடுதல் எண்ணாகச் சேரலாம். உங்கள் ஸ்கோரைப் பார்க்கும் பேச்சே வராது. அவர் கட்டாவிட்டால் உங்கள் எண்ணும் நிற்கும்.

9. விளம்பரத் தொகை வேறு, பில் தொகை வேறு. ப்ரீபெய்டு விலையில் வரி அடக்கம். போஸ்ட்பெய்டில் 18 சதவீத ஜிஎஸ்டி தனி. 399 என்று போட்டிருந்தால் கையிலிருந்து போவது 470 ரூபாய் 82 காசு. வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகளில் ஐஎஸ்டி அழைப்பையும் வெளிநாட்டு ரோமிங்கையும் முதல் நாளே பூட்டச் சொல்லுங்கள். உங்கள் கடன் வரம்பு எவ்வளவு என்றும் கேட்டு எழுதி வையுங்கள். புதியவர்களுக்குக் குறைவாகத்தான் வைப்பார்கள், அது உங்களுக்கு நல்லதே.

10. சம்பளம் கைக்கு வந்து மூன்று நாலு நாள் கழித்துக் கடைசித் தேதி விழும்படியான பில் சுற்று உண்டா என்று கேளுங்கள். யுபிஐ ஆட்டோபே வைத்தால் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வரும். கணக்கில் பணம் இல்லாமல் திரும்பிப் போனால் அதற்கு வேறு அபராதம். ஆகவே வாரக்கூலிக்காரர்கள் ஆட்டோபே வைக்காமல் தாங்களே கட்டுவது மேல்.

11. கட்டாமல் ஊருக்குப் போய்விடாதீர்கள். சிம்மைக் கழற்றி எறிந்தால் இணைப்பு மூடியதாக ஆகாது, பில் ஓடிக்கொண்டேயிருக்கும். தொலைபேசிக் கம்பெனிகளும் கடன் தகவல் நிறுவனங்களில் சேரலாம் என்பதால், சில நூறு ரூபாய் பாக்கி நாளைக்கு வீட்டுக்கடன் கேட்கும்போது வந்து நிற்கக்கூடும். கம்பெனி மாற நினைத்தால் 1900-க்கு PORT என்பதற்கு அடுத்து எண்ணைப் போட்டு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பாக்கி இருந்தால் மாறுவதற்கான கோடு எண் வராது. மாநிலம் மாறினாலும் எண்ணை வைத்துக்கொள்ளும் வசதி 2015 ஜூலை 3 முதல் இருக்கிறது. ஆகவே ஊர் திரும்புகிறவர்கள் கொச்சி எண்ணை விட வேண்டியதில்லை.

12. போன் பில் ஒழுங்காகக் கட்டுவதால் மட்டும் ஸ்கோர் ஏறிவிடும் என்று நம்பியிருக்காதீர்கள். வரலாறு வேண்டுமென்றால் சின்ன வைப்புத்தொகை ஒன்றைப் பேங்கில் போட்டு, அதன் பேரில் தரும் கிரெடிட் கார்டை வாங்குவது நல்ல தொடக்கம். அதில் மாதம் ஒரு சின்னச் செலவு, முழுப் பணமும் தேதிக்குள் கட்ட வேண்டும், அவ்வளவுதான். ஃபெடரல் வங்கியின் தலைமையகமே ஆலுவாவில் இருக்கிறது, 1945-ல் கே.பி. ஹோர்மிஸ் அதை இங்கே கொண்டுவந்தார். எந்தப் பேங்க் ஆனாலும், முதல் முறை கடன் கேட்கிறவரை வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதாக நிதி அமைச்சகம் 2025 ஆகஸ்டில் மக்களவையில் தெரிவித்தது. மேனேஜர் முன்னால் இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

13. சண்டை வேண்டாம், எண் வேண்டும். எந்தக் கம்பெனியானாலும் 198-க்கு அடித்துப் புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், அதற்கும் கட்டணம் இல்லை. அதற்கு மேல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொலைபேசிச் சண்டைகளையும் நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. 5 லட்சம் ரூபாய் வரையான புகாருக்கு அங்கே கட்டணமே கிடையாது. டெபாசிட் 500 ரூபாய்தானே என்று விட வேண்டாம். எர்ணாகுளம் மாவட்ட ஆணையத்துக்குப் போவதாக இருந்தால் கையில் இருக்க வேண்டியவை: டெபாசிட் ரசீது, கடைசி மூன்று பில், 198-ல் கொடுத்த புகார் எண், இணைப்பை மூடச் சொன்ன எஸ்எம்எஸ்ஸின் படம்.